நாள் தள்ளிப்போனால் பி.பி. மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள்: வயிற்றுப் பிள்ளையின் கிட்னிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பி.பி. மாத்திரை என்றால் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் சமாச்சாரம் என்றுதான் இன்னமும் நினைக்கிறோம். நிலவரம் மாறிவிட்டது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதைத் தாண்டிய பெண்களில் 24.8 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கிறது, அல்லது அதற்கு மாத்திரை எடுக்கிறார்கள். நான்கில் ஒருவர். இவர்களில் இன்னும் பிள்ளை பெற வேண்டிய வயதில் இருப்பவர்களும் உண்டு.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத்துக்கு இதில் தனிக் கவனம் தேவை. டேனரியும் ஷூ கம்பெனியும்தான் இங்கே பிழைப்பு. ஷூ கம்பெனிகளின் தையல் பிரிவுகளில் இளம் பெண்கள் அதிகம். காலையில் கம்பெனி வண்டி ஏறினால் பொழுது சாயத்தான் வீடு. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய சம்பளம் போகும். அதனால் 'போன தடவை எழுதிக்கொடுத்த அதே மாத்திரை' மெடிக்கலில் இருந்து மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். நடுவில் நாள் தள்ளிப்போகும். மாத்திரை மட்டும் நிற்காது.

அந்த மாத்திரை எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சில பி.பி. மாத்திரைகள் தாய்க்கு நல்லது செய்துகொண்டே, வயிற்றில் இருக்கும் பிள்ளையின் சிறுநீரகத்தை வேலை செய்யவிடாமல் நிறுத்திவிடும். வேறு சில மாத்திரைகளைப் பிரசவம் வரை எடுக்கலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் போவதால் இரண்டு விதத் தவறு நடக்கிறது. ஒரு பக்கம், ஆகாத மாத்திரையைத் தெரியாமல் தொடர்வது. இன்னொரு பக்கம், பயந்துபோய் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவது. இரண்டுமே ஆபத்து.

எந்த மாத்திரைகள்?

பெயரின் வால் பகுதியைப் பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும்.

'சார்டான்' என்று முடிபவை: டெல்மிசார்டான், லோசார்டான், ஓல்மிசார்டான், வால்சார்டான். இவை ஏ.ஆர்.பி. வகை.

'ப்ரில்' என்று முடிபவை: எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில். இவை ஏ.சி.இ. தடுப்பான் வகை.

கர்ப்பத்தில் இந்த இரண்டு வகையும் கூடாது. கடையில் கேட்கும் பெயர் வேறாக இருக்கலாம். அட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் உண்மைப் பெயர். கூட்டு மாத்திரையாக இருந்தால், ஒரே மாத்திரைக்குள் டெல்மிசார்டானும் அம்லோடிபினும் சேர்ந்தே இருக்கும். ஆக, மருந்தின் பெயர்களை முழுசாகப் படிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். இந்த மாத்திரைகளை பி.பி.க்கு மட்டும் கொடுப்பதில்லை. சர்க்கரை நோயாலோ வேறு காரணத்தாலோ சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு, அவர்களின் கிட்னியைக் காப்பாற்றவும் இவற்றைத்தான் எழுதுவார்கள். 'எனக்கு பி.பி.யே கிடையாதே' என்று சொல்லும் பெண்ணின் பையிலும் ராமிப்ரில் இருக்கலாம்.

தாயின் கிட்னியைக் காக்கும் மருந்து பிள்ளையின் கிட்னிக்கு ஏன் ஆகாது?

நம் உடம்பில் ஆஞ்சியோடென்சின் என்ற ஒரு பொருள் உண்டு. ரத்தக் குழாயைச் சுருக்கி அழுத்தத்தைக் கூட்டுவது இதன் வேலை. மேலே சொன்ன மாத்திரைகள் ஒன்று இதை உருவாகவிடாது, அல்லது உருவானாலும் வேலை செய்யவிடாது. பெரியவர்களுக்கு அழுத்தம் குறையும், கிட்னியின் வடிகட்டிகளுக்குச் சுமை குறையும். நல்லதுதான்.

வயிற்றுப் பிள்ளையின் கதை வேறு. அதன் ரத்த அழுத்தமே மிகக் குறைவு. அந்தக் குறைந்த அழுத்தத்திலும் கிட்னியின் வடிகட்டிகளுக்குள் ரத்தத்தைத் தள்ளி, சிறுநீர் பிரியவைப்பது ஆஞ்சியோடென்சின்தான். கிட்னி வளர்வதற்கே அது தேவை. தாய் விழுங்கும் மாத்திரை நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போய் அதைத் தடுத்துவிட்டால், பிள்ளையின் கிட்னிக்கு ரத்தம் போதாது. சிறுநீர் குறையும். சில சமயம் நின்றே போகும்.

'வயிற்றுக்குள்ள இருக்கும்போது சிறுநீர் போகலைன்னா என்ன?' என்று தோன்றலாம். அங்கேதான் ஒரு சங்கிலி தொடங்குகிறது. கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீரில் பெரும்பகுதி பிள்ளையின் சிறுநீர்தான். அது குறைந்தால் பனிக்குட நீர் வற்றும். நீர் வற்றினால் நுரையீரல் விரிந்து வளர இடம் கிடைக்காது. கை கால்கள் மடங்கியபடி இறுகிப்போகலாம். மண்டையோட்டு எலும்பு சரியாக வளராமல் போகலாம். கிட்னியின் உள்ளே இருக்கும் நுண்குழாய்களே முறையாக உருவாகாமல் நிற்கலாம். பிறந்த பிறகு பிள்ளைக்கு ரத்த அழுத்தம் கடுமையாகக் குறைவது, சிறுநீர் வராமல் போவது, டயாலிசிஸ் தேவைப்படுவது, உயிரிழப்பு வரை பதிவாகியுள்ளன.

இது நேற்று தெரிந்த விஷயம் அல்ல. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில் இருந்து பிறந்த கேப்டோப்ரில், 1981-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. பிறந்த குழந்தைகளின் கிட்னி பாதிப்பு பற்றிய மருத்துவக் குறிப்புகள் 1980-களிலேயே வரத் தொடங்கின. 1992-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, நான்காம் மாதத்தில் இருந்து இவற்றைத் தரக் கூடாது என்று மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடவைத்தது. பின்னால் வந்த சார்டான் வகைக்கும் அதே எச்சரிக்கை உண்டு.

'ரெண்டு மாசம் தெரியாம சாப்பிட்டுட்டேன்' - இப்போ என்ன?

அதிகம் பேர் பதறும் இடம் இதுதான். பதற்றத்தில் கருவைக் கலைக்கும் முடிவு வரை போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த முடிவுக்கு முன் இதைப் படியுங்கள்.

மேலே சொன்ன கிட்னி பாதிப்பு, பெரும்பாலும் நான்காம் மாதத்தில் இருந்து தொடர்ந்து மாத்திரை எடுப்பவர்களின் பிள்ளைகளுக்கு வருவது. முதல் மூன்று மாதம் பற்றி ஆய்வுகள் சொல்வது வேறு. 2006-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்த ஆய்வு ஒன்று, முதல் மூன்று மாதத்தில் ஏ.சி.இ. தடுப்பான் எடுத்த தாய்மார்களின் 209 பிள்ளைகளைப் பார்த்தது. பிறவிக் குறைபாடு சுமார் 2.7 மடங்கு கூடுதல் என்று சொன்னது. உலகமே பயந்தது. 2011-ல் வடக்கு கலிபோர்னியாவில் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை வைத்து வந்த ஆய்வு, அந்தப் பயத்தைத் தணித்தது. ஏ.சி.இ. தடுப்பான் எடுத்தவர்களுக்கும், வேறு பி.பி. மருந்து எடுத்தவர்களுக்கும், பி.பி. இருந்தும் மருந்தே எடுக்காதவர்களுக்கும் பிறவிக் குறைபாடு ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. அதாவது, அந்தக் கூடுதலுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் தாயின் ரத்த அழுத்தமும் அதனோடு வரும் சர்க்கரை போன்ற கோளாறுகளும்தான்.

ஆகவே, இரண்டாம் மாதத்தில் தெரிந்துவிட்டால் அது கலைப்பதற்கான காரணம் அல்ல. செய்ய வேண்டியவை மூன்று: அன்றே மருத்துவரைப் பார்த்து மாத்திரையை மாற்றுவது, 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் விரிவான ஸ்கேனைத் தவறவிடாமல் எடுப்பது, ஸ்கேன் எடுப்பவரிடம் இந்த மாத்திரை எடுத்த விஷயத்தைச் சொல்வது.

ஐந்தாம், ஆறாம் மாதத்தில்தான் தெரிகிறது என்றாலும் கதை முடிந்துவிடாது. மாத்திரையை நிறுத்திய பிறகு பனிக்குட நீர் மீண்டும் ஊறிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் இருக்கின்றன. எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோம் என்பதுதான் கணக்கு.

அப்படியானால் எல்லா பி.பி. மாத்திரையையும் நிறுத்திவிடலாமா?

கூடாது. 'வயித்துல பிள்ளை இருக்கும்போது மாத்திரையே போடக்கூடாது' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் அக்கறையில் குறையில்லை. ஆனால் கட்டுப்பாடில்லாத பி.பி.யால் வலிப்பு வரலாம், மூளையில் ரத்தம் கசியலாம், நச்சுக்கொடி பிரிந்துவிடலாம். உலக அளவில் பிரசவத்தை ஒட்டிய தாய் மரணங்களில், ரத்தப்போக்குக்கு அடுத்த இடம் ரத்த அழுத்தக் கோளாறுகளுக்குத்தான். தாயின் பி.பி. ஏறி நச்சுக்கொடிக்கு ரத்தம் குறைந்தால் பிள்ளை எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறக்கும். அதுவும் கடைசியில் பிள்ளையின் கிட்னியில்தான் வந்து நிற்கும்.

எப்படி என்றால், ஒவ்வொரு கிட்னியிலும் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டிகள், இருக்கும். இவை சுமார் 36-வது வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கப் புதிதாக ஒன்றுகூட உருவாகாது. குறைவான எண்ணிக்கையோடு பிறக்கும் பிள்ளைக்கு, வளர்ந்தபின் பி.பி.யும் கிட்னி நோயும் வரும் வாய்ப்பு கூடுதல். தப்பான மாத்திரையும் இந்த எண்ணிக்கையைக் குறைக்கும், மாத்திரை போடாமல் விட்ட பி.பி.யும் குறைக்கும்.

எது எடுக்கலாம்?

கர்ப்பத்தில் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருப்பவை மூன்று: லாபெடலால், நீண்ட நேரம் வேலை செய்யும் நிஃபெடிபின், மெத்தில்டோபா. இவற்றைத் தேடிப் பெரிய ஊருக்கு ஓட வேண்டியதில்லை. விலையும் கைக்கு எட்டாததல்ல.

இதற்கான வலுவான ஆதாரங்களில் ஒன்று நம் நாட்டிலேயே உருவானது. நாக்பூரில் இரண்டு அரசு மருத்துவமனைகளில், பி.பி. மிகக் கடுமையாக ஏறிய 894 கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2019-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. இந்த மூன்று மாத்திரைகளையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மணி நேரத்துக்குள், பாதிப்பு எதுவும் இல்லாமல் பி.பி. கட்டுக்குள் வந்தவர்கள் நிஃபெடிபினில் 84 சதவீதம், லாபெடலாலில் 77, மெத்தில்டோபாவில் 76. ஊசியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இல்லாத இடத்திலும், வாய்வழி மாத்திரையை வைத்தே உயிரைக் காப்பாற்ற முடியும் என்பது இதன் பொருள்.

'பி.பி.யைக் குறைத்தால் பிள்ளைக்கு ரத்தம் போகாமல் எடை குறையுமோ' என்ற சந்தேகம் மருத்துவர்களுக்கே நீண்ட காலம் இருந்தது. 2022-ல் வெளியான அமெரிக்க ஆய்வு 2,408 கர்ப்பிணிகளை வைத்து அதற்கு விடை தந்தது. பி.பி.யை 140/90-க்குக் கீழே வைத்துக்கொண்டவர்களில் 30.2 சதவீதம் பேருக்குத்தான் கடும் சிக்கல்கள் வந்தன. அப்படிச் சிகிச்சை தராமல் விட்டவர்களில் அது 37 சதவீதம். பிள்ளையின் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

அம்லோடிபின் எடுப்பவர்கள் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. அதைத் தொடர்வதா மாற்றுவதா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார். அடினலால் பிள்ளையின் எடையைக் குறைக்கக்கூடும் என்பதால் பொதுவாக மாற்றிவிடுவார்கள்.

வலி மாத்திரையும் இந்தக் கணக்கில் வருமா?

வரும். நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்து வேலை செய்தால் இடுப்பும் கழுத்தும் வலிக்கத்தான் செய்யும். உடனே ஒரு டைக்ளோஃபெனாக், இல்லை ஒரு ஐபுப்ரோஃபென். 20 வாரத்துக்குப் பிறகு இவையும் பிள்ளையின் கிட்னியைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 அக்டோபரில் எச்சரித்தது. வலிக்கு வேண்டுமானால் பாராசிட்டமால் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பி.பி. இருக்கும் கர்ப்பிணிகளுக்கு மூன்றாம், நான்காம் மாதத்தில் இருந்து மருத்துவர் எழுதித் தரும் குறைந்த அளவு ஆஸ்பிரின் வேறு. அது பின்னால் வரக்கூடிய வலிப்பு நோயின் முன்நிலையைத் தடுப்பதற்காக. அதை நிறுத்தக் கூடாது.

பாலாற்றுப் பகுதிக்கு மட்டும் ஒரு கூடுதல் காரணம்

தோலைக் கெடாமல் வைக்க உப்பு போடுவார்கள். பதனிடும்போது அந்த உப்பு கழிவு நீரோடு வெளியேறும். இந்த வட்டாரத்தின் நிலத்தடி நீர் எப்படிக் கெட்டது என்பது, 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் தந்த தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பயிர் செய்யத் தகுதியற்றதாகிவிட்டது என்று அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது. வங்கதேசத்தின் கடலோரப் பகுதியான டாகோப்பில் நடந்த ஆய்வுகளில், உப்பு நீர் குடித்த கர்ப்பிணிகளுக்கு பி.பி. கூடுதலாக இருந்தது தெரியவந்தது. அது கடல் உப்பு, இது டேனரி உப்பு. ஆனால் உடம்புக்குள் போகும் சோடியம் ஒன்றுதான். குடிக்கிற தண்ணீர் உப்புக் கரித்தால், கர்ப்பம் தெரிந்த நாளிலேயே பி.பி. பார்ப்பதும், குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர் வைத்துக்கொள்வதும் இங்கே கட்டாயம்.

அரசு என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் இதற்கான இரண்டு ஏற்பாடுகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இதன் தொடர்ச்சியாக 2024-ல் வந்த தொழிலாளரைத் தேடி மருத்துவம், வேலை செய்யும் இடத்துக்கே போய் பி.பி. பார்க்கிறது. இன்னொன்று, பிக்மி என்ற கர்ப்பிணிப் பதிவு. அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ்கூட வாங்க முடியாது. அவ்வளவு வலுவான பதிவேடு.

மாத்திரை எடுப்பவர் பட்டியல் ஒரு பக்கம், கர்ப்பிணிப் பட்டியல் இன்னொரு பக்கம் என்றிருந்தால் பிரச்சினை நடுவில் விழுந்துவிடும். இரண்டையும் இணைத்து, பி.பி. பட்டியலில் இருக்கும் பெண் பிக்மியில் பதிவானதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எச்சரிக்கை போகும்படி செய்யலாம். ஆனால் பதிவு நடப்பதே இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான். அதற்கு முன்பே பிடிக்க வேண்டுமென்றால், பி.பி. மாத்திரை கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: 'கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சீங்கம்மா?' இதற்குப் புது நிதி தேவையில்லை.

உலக சுகாதார அமைப்பின் 'ஹார்ட்ஸ்' வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி முன்னே போகிறது. கருத்தடை முறை எதுவும் பின்பற்றாத, பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு ஏ.சி.இ., ஏ.ஆர்.பி. வகைகளைத் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டாம், அம்லோடிபின் போன்றவற்றைக் கொடுங்கள் என்கிறது. ஷூ கம்பெனிகளில் நடக்கும் பரிசோதனை முகாம்களில் இந்த ஒரு விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றினாலே பாதிப் பிரச்சினை எழாது.

மெடிக்கல்களுக்கும் பொறுப்பு உண்டு. இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். பழைய அட்டையைக் காட்டினால் கொடுத்துவிடும் வழக்கம் நிற்க வேண்டும். அட்டையில் இருக்கும் எச்சரிக்கை ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. தமிழும் உருதும் பேசும் வாணியம்பாடியில், இரண்டு மொழியிலும் ஒரு சிறு சீட்டு கடை முகப்பில் ஒட்டினால் போதும்.

நீங்கள் செய்ய வேண்டியது

- பிள்ளை பெறத் திட்டமிட்டால், அதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ளுங்கள். கிட்னி நோய் உள்ள சிலருக்கு, கருத்தரிக்கும் வரை பழைய மாத்திரையையே தொடரச் சொல்வதும் உண்டு. அப்படியென்றால் நாள் தள்ளியதுமே பரிசோதித்துப் பார்ப்பது அவசியம்.
- நாள் தள்ளிப்போனால் சிறுநீர்ப் பரிசோதனைக் குச்சியில் உடனே பாருங்கள். இரண்டு கோடு என்றால், மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் போங்கள். மாற்று மாத்திரை கைக்கு வர வேண்டும், வெறுமனே நிறுத்தினால் போதாது.
- வீட்டில் வேறொருவருக்குக் கொடுத்த பி.பி. மாத்திரையை எடுத்துப் போடாதீர்கள். மாமியாருக்குச் சரியான மருந்து மருமகளுக்குச் சரியாக இருக்காது.
- ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி, பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில் அரசு மையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. மகப்பேறு விடுப்புச் சம்பளம் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம். சம்பளம் போய்விடுமே என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.
- கடும் தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, திடீரென்று முகம் கை வீக்கம், பிள்ளையின் அசைவு குறைவது: இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.
- கர்ப்பத்தில் இந்த மாத்திரைகளை எடுத்திருந்தால், பிரசவம் பார்ப்பவரிடமும் குழந்தை மருத்துவரிடமும் அதைச் சொல்லுங்கள். பிறந்த பிள்ளை முதல் இரண்டு நாளில் சிறுநீர் கழிக்கிறதா, அதன் ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று அவர்கள் தனியாகப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் கிட்னி ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சை 1971-ல் நடந்தது வேலூர் சி.எம்.சி.யில்தான். அந்த அனுபவம் நெடுஞ்சாலையில் பக்கத்திலேயே இருக்கிறது.

பிரசவம் முடிந்தபின் இதே பட்டியல் மாறும். எனலாப்ரில் தாய்ப்பாலில் மிகச் சொற்ப அளவே கலப்பதால், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு அதை எழுதித் தருவது உண்டு. நிறைமாதத்தில் பிறந்த, நலமாக இருக்கும் பிள்ளை என்றால் பயம் இல்லை. சார்டான் வகையை மட்டும் பொதுவாகத் தவிர்ப்பார்கள். அதனால் 'கர்ப்பத்தில் வேண்டாம்னு சொன்ன மாத்திரையை இப்போ ஏன் கொடுக்கிறாங்க?' என்று குழம்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். கேட்கும்போது மாத்திரை அட்டை கையில் இருக்கட்டும். சிறிய எழுத்தில் இருக்கும் பெயரைப் படித்துச் சொல்லுங்கள்.